அப்பாவின் இடது தோள்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். வலது கால் கெண்டைச் சதையில், உள்பக்கமாக, பளபளவென்று ஒரு தழும்பு இருக்கிறதா? இருக்கும். அப்பாக்களின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வளர்ந்த கூட்டம் நாம். இறங்கும்போது சைலன்சரில் கால் படும், தோல் வழன்றுவிடும், வீட்டில் பற்பசையைத் தடவி விடுவார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற உங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தழும்பு கிடையாது. உங்களுக்கெல்லாம் காசளவு இருக்கும். எனக்கு உள்ளங்கை அளவு. எப்படி ஆனது என்று கேட்டவர்களிடம் இதுவரை பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, மாடிப்படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது. இப்போதும் சொல்லாவிட்டால் பிறகு எப்போதுதான் சொல்வது?

சுனாமி வந்துபோன இரண்டாவது கோடை. நான் ஏழாவது முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன். கடலூரில் செம்மண்டலத்தில் வாடகை வீடு. அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். வக்கீல் சொல்லச் சொல்ல, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தட்டுவார், ஒரு எழுத்து தப்பாது. அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கு முந்தைய வருடம் அப்பா மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, முன்னால் போன கரும்பு லாரியிலிருந்து ஒரு தோகை பறந்து வந்து இடது கண்ணில் அறைந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கரும்புத் தோகை கத்தி மாதிரி என்று தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்தைப் பதினைந்து நாள் விட்டுக்கொண்டார். சிவப்பு போயிற்று. "ஆறிடுச்சு" என்று வீட்டில் அறிவித்துவிட்டு, வெயில் கூசுகிறது என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது நான்தான். அப்பா சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது டம்ளருக்கு வெளியே விழுந்தது. கடைசிப் படி முடிந்த பிறகும் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலைத் தொங்கவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தபோது, "உனக்குக் கண்ணு தெரியலையாப்பா?" என்று கேட்டேவிட்டேன். அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "எத்தன விரல் காட்டுற, காட்டு" என்றார். நான் ஒரு விரலைக் காட்டினேன். "மூணு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

அதற்குள் அப்பா வீட்டுக்குத் தெரியாமல் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். கருவிழியில் பூ விழுந்துவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் வெளியே தெரியும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். செத்துப்போன யாராவது கொடுத்த கண் கிடைத்தால் மாற்றி வைக்கலாம். ஆனால் இரண்டு கண்ணும் இல்லாதவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள், ஒரு கண் உள்ளவர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த வரிசையில் என் வயதில் ஒரு பெண் அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "ஏன் சார் கண்ணுக்கு இவ்ளோ பஞ்சம்?" என்று அப்பா கேட்டதற்கு டாக்டர், "கண்ணுக்குப் பஞ்சமில்ல. சாவு வீட்டுலேந்து போன் பண்றதுக்குத்தான் ஆளில்ல" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டது. கடலூரிலிருந்து கன்னியாகுமரி வரை வண்டியிலேயே போய், வழியெல்லாம் நின்று பேசி, ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் கண் வங்கி போன் நம்பரை ஒட்டிவிட்டு வருவது என்று கிளம்பினார். அவர் இருந்த சேவைச் சங்கத்தில் பெட்ரோலுக்கும் ஸ்டிக்கருக்கும் ஒத்துக்கொண்டார்கள். தனியாகப் போனால் பேப்பரில் போட மாட்டார்கள், மகளையும் கூட்டிப் போங்கள் என்று சங்கத் தலைவர்தான் ஆரம்பித்தார்.

அம்மா முடியவே முடியாது என்றாள். இரண்டு நாள் தட்டு, கரண்டி எல்லாம் சத்தம் போட்டுப் பேசின. மூன்றாம் நாள் காலை என் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "கூட்டிட்டுப் போங்க" என்றாள் அப்பாவிடம். எனக்குத் தலை பின்னும்போது மட்டும் இழுத்துப் பின்னியபடி சொன்னாள். "வண்டில தூங்கக் கூடாது. கேட்டுச்சா? அப்பா முதுகுலேந்து கைய எடுக்கவே கூடாது."

அம்மாவிடம் எதையும் சொல்லவும் முடியாது. ஏனென்றால் அதற்குள் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அம்மாவுக்குத் தெரிஞ்சா சாவிய புடுங்கிக் கெணத்துல போட்டுடுவா. சங்கத்துல தெரிஞ்சா, தனக்கு ஒரு கண்ணு வேணும்னு ஊர் ஊரா கேட்டுட்டுத் திரியிறான்னு சொல்லுவாங்க. அப்புறம் எவனும் ஒரு ஸ்டிக்கர் வாங்க மாட்டான். இது நமக்குள்ள பாப்பா."

பிறகு எங்கள் பாஷை. ஒற்றைக் கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியும், ஆனால் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று பிடிபடாது. அதற்கு நான். இடது தோளில் ஒரு தட்டு தட்டினால், இடப்பக்கம் ஆள் அல்லது ஆடு. இரண்டு தட்டு, ரோட்டில் பள்ளம் அல்லது மேடு. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால், நிறுத்து. கவனியுங்கள், நீங்களெல்லாம் அந்த லீவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தீர்கள்.

கிளம்பிய அன்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலை போட்டார்கள். வண்டியின் முன்னால் மஞ்சள் தகரப் பலகை. "போகும்போது கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று அப்பாவே எழுதியது. அதற்குக் கீழே ஒரு பெரிய கண். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஆலப்பாக்கத்தில் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, "கண்ணாடி என்னா வெல?" என்று கேட்டார். அப்பா கால் மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கண்ணாடி இல்ல?" என்று ஏமாந்து போனார் அவர்.

நானும் சிரித்திருப்பேன், சிரிக்க வரவில்லை. மிரட்சியிலேயே இருந்தேன். கண்ணை இமைத்தால் அந்த நேரத்தில் ஏதாவது குறுக்கே வந்துவிடுமோ என்று இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணீர் ஒழுகியது. தூசி விழுந்தால் ஒரு கண்ணைத் தேய்ப்பேன், மற்றதால் பார்ப்பேன். அப்பாவின் தலைக்கவசத்துக்கு இடது பக்கம் கழுத்தை நீட்டி நீட்டி மாலையில் கழுத்து திரும்பாது. அப்பாவோ பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார்.

அன்று மதியம் பரங்கிப்பேட்டைக்குள் போனோம். சவுதியிலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு பாய், வெயிலில் பிள்ளை வாடிப்போயிருக்கிறது என்று வீட்டுக்குள் கூப்பிட்டு நன்னாரி சர்பத் கொடுக்கச் சொன்னார். அப்பா பேசிக்கொண்டே கையை நீட்டினார். கை டம்ளருக்கு நாலு விரல் முன்னாலேயே மூடிக்கொண்டது. காற்றைத்தான் பிடித்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. பாய் அப்பாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை அப்பா கையில் வைத்தேன்.

"இது விஷயமா எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டுட்டுத்தான் நான் சொல்ல முடியும்" என்றார் ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு. வாசல் வரை வந்தவர், அப்பாவின் தோளில் கை வைத்து, "அல்லாஹ் காப்பாத்துவான். ஜாஸ்தி வேகம் வேணாம் தம்பி, புள்ள இருக்கு" என்றார்.

"அவருக்குத் தெரிஞ்சிடுச்சாப்பா?" என்று தெரு திரும்பியதும் கேட்டேன்.

"என்னாது?" என்றார் அப்பா. அவரைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

போனதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி. பள்ளிக்கூட வராந்தாக்களில் தூங்கினோம். ஒரு நாளில் எத்தனை தடவை தோளில் தட்டினேன் என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதால் கவனம் போகிறதென்று விட்டுவிட்டேன். கன்னியாகுமரியில் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் காலைப் பார்த்தேன், பாறையில் வைக்கிறாரா பாசியில் வைக்கிறாரா என்று. திரும்பி வரும் வழியில் எனக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு அசதி. ஆனாலும் ஒருநாள்கூட கண் அசரவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பதினோராம் நாள் சிதம்பரம். நாளை விடிந்தால் கடலூர், வீடு. அண்ணாமலை நகரில் அத்தை வீடு, மாமாவுக்கு யுனிவர்சிட்டியில் வேலை, குவார்ட்டர்ஸ். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்பா பேசினார். வழக்கமாகப் பேசுகிறதுதான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் போன் பண்ணுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், கண்ணை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். கூட்டத்தில் ஒருவன், கொஞ்சம் போட்டிருந்தான் என்று நினைக்கிறேன், சத்தமாகக் கேட்டான்.

"கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கியே, ஒனக்கே கண்ணு அவுட்டா? ஒனக்குத்தான் கேக்குறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். தூரத்தில், ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸைக் காட்டி, "காட்டுமன்னார்கோவில். நம்பர் வேணுமா, அதுவும் படிக்கிறேன்" என்றார். படித்தார். "எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. எனக்காக நான் கேக்கல." கை தட்டினார்கள். கேட்டவனே வந்து ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு போனான்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பொய் சொன்னால் வாயில் போடுவேன் என்று என்னை மிரட்டி வளர்த்தவர் நடுரோட்டில் நின்று பொய் சொல்கிறார். சரி, பொய்தானா? அந்தப் பஸ் பலகையை என்னாலேயே படிக்க முடியவில்லையே!

அத்தை வீட்டில் சாப்பிடும்போது மாமா என்னைக் கிண்டல் பண்ணினார். "பாப்பா ஏன் ஆந்த மாதிரி முழிக்குது? ஏம்மா, வண்டில தூங்கி வுழுந்தியா?"

"தூங்கவே மாட்டேன் மாமா. எனக்கு வேல இருக்கு."

"அப்பா வேல குடுத்திருக்காரா?" மாமா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "எங்கப்பாவும் இப்படித்தான். மைல் கல்ல எண்ணு, பனமரத்த எண்ணுன்னு ஏதாவது வேல குடுப்பாரு. பின்னாடி உக்காந்து தூங்கிடக் கூடாதுன்னுதான். நான் ஒரு லூசு, அவருக்கு அந்தக் கணக்கு நெஜமாவே வேணும்னு நெனச்சு ராத்திரி நோட்டுல வேற எழுதி வெப்பேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு உள்ளே ஏதோ நழுவியது. பீச்சில் 'மூணு' என்று அப்பா சிரித்துக்கொண்டுதானே சொன்னார்? தலைக்கவசத்துக்குள் பாட்டுப் பாடிக்கொண்டுதானே ஓட்டினார்? டம்ளரில் கை தவறியதுகூட நடிப்புதானோ? பதினோரு நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்தது ஒரு பிள்ளை தூங்காமல் இருப்பதற்குச் சொன்ன கதைக்காகவா? அப்பாடா என்று இருந்தது, அப்பாவுக்குக் கண் தெரிகிறது என்று. அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. நான் ஏமாந்த லூசாகிவிட்டேன் என்று அழுகை வந்தது. அத்தை, வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று முதுகைத் தடவி விட்டாள்.

மறுநாள் கிளம்பினோம். ஊருக்குள் வழக்கம்போலத் தட்டினேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் தட்டுவதைக் குறைத்தேன். ஒரு சைக்கிள்காரர் போனார், தட்டவில்லை. அப்பா தானே விலகிப் போனார். ஒரு மாடு நின்றது, தட்டவில்லை. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதுச்சத்திரம் தாண்டி, உளுந்துச் செடி ரோட்டில் கிடந்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிடுங்கிய உளுந்துச் செடியைக் களத்துக்குக் கொண்டுபோகாமல் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி எல்லாம் ஏறி ஏறிக் காய் வெடித்து உளுந்து உதிரும். மெல்லிசாகப் பரப்பியிருந்தால் வண்டியில் ஏறிப் போகலாம். அடித்து முடித்து வாருகிற நேரத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவித்திருப்பார்கள், அதில் ஏறக் கூடாது. பரப்பலா குவியலா, இரண்டு கண்ணுள்ளவர்களுக்கு நூறடி தூரத்திலேயே தெரியும். ஒற்றைக் கண்ணுக்கு இரண்டும் ரோட்டில் ஒட்டிய ஒரே பழுப்புத் திட்டு. கன்னியாகுமரி வரை போகும்போது இந்தமாதிரி இடத்திலெல்லாம் சட்டையைப் பிடித்து நான் நிறுத்தியிருக்கிறேன்.

முதலில் பரப்பல் வந்தது. அப்பா அதில் ஏறிப் போனார். காய்கள் சடசடவென்று வெடித்தன. அதை அடுத்து, இடது பாதி ரோட்டில், குவியல். நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு அம்மா வாருகோலோடு நின்றிருந்தாள். என் கை அப்பாவின் முதுகில்தான் இருந்தது. விரல்கள் சட்டையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. பிடித்து இழுக்கவில்லை. உனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லா இருக்கே, நீயே பாரு என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளைத்தான் நினைத்தேன். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை.

முன் சக்கரம் குவியலில் புதைந்தது. வண்டி வலது பக்கமாக, ரோட்டின் நடுவில் சாய்ந்தது. என் கால் மேல் வண்டி, அதன் சைலன்சர். பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றபோது, அதன் முன் டயர் அப்பாவின் தலைக்கவசத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ரப்பர் தீய்ந்த வாசனை. அது டயர் வாசனையா என் கால் வாசனையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மஞ்சள் பலகை கழன்று எகிறிப் போய் வயலில் விழுந்தது. அதைப் பிறகு யாரும் தேடவில்லை.

பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ், கண்ணு என்னா பொடனிலயா இருக்கு? மல மாரி குவிச்சு வெச்சிருக்கு, தெரியல?" என்று கத்தினார். வாருகோல் அம்மா, "அய்யோ என் உளுந்து" என்று ஓடி வந்தவள், என்னைப் பார்த்ததும் உளுந்தை விட்டுவிட்டாள். "அடப்பாவி மனுசா, பொட்டப் புள்ளய வெச்சுக்கினு இப்டியா வருவ? மொதல்ல வண்டியத் தூக்குங்கடா" என்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை விரட்டி, குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"என் தப்புதாங்க. பிரேக்கு புடிக்கல" என்றார் அப்பா எல்லோரிடமும். முழங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. கண்ணாடி உடைந்துவிட்டது. என் பக்கத்தில் மண்டியிட்டு, என் முகத்துக்குக் கையைக் கொண்டுவந்தார். கை கன்னத்துக்கு முன்னாலேயே நின்றது. அப்புறம் மெதுவாக முன்னால் வந்து தொட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"பாப்பா, நீ பாக்கலையா?" என்று காதோரம் கேட்டார்.

"தூங்கிட்டேன்ப்பா" என்றேன்.

"பரவால்ல, பரவால்ல. எத்தன நாளு முழிச்சிருக்க. அப்பாதான் பாவம் பண்ணிட்டேன்" என்று என் தலையை அணைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால், ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவரின் வேனில் வந்து மஞ்சக்குப்பத்தில் இறங்கினோம். பந்தல், சங்கத்து ஆட்கள், மாலை எல்லாம் இருந்தன. அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா பக்கம் திரும்பவில்லை. நேராக என்னிடம் வந்து, என் இரண்டு தோளையும் பிடித்து, "தூங்கிட்டியாடி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அம்மாவின் கை தோளிலிருந்து தளர்ந்து விழுந்தது.

அப்பா அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. கோர்ட்டுக்கு சைக்கிளில் போனார். வண்டி கொஞ்ச நாள் மாட்டுத் தொழுவம் மாதிரி ஒரு கொட்டகையில் நின்றது, அப்புறம் ஒரு நாள் இல்லை. என்னால்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பஸ் டயர் கனவில் வந்தது. கல்யாணமாகிப் புருஷன் வண்டியில் உட்கார்ந்தபோதும் என் கை தானாக இடது தோளில் தட்டும். "என்னாடி, ஈயா ஓட்டற?" என்பார் அவர். கண் வரிசையில் அப்பாவின் முறை வரவே இல்லை. அவரும் கேட்கப் போகவில்லை. அம்மாவுக்கு மட்டும் கடைசி வரை தெரியக் கூடாதென்று நானும் அப்பாவும் வீட்டில் கண்ணால் பேசிக்கொண்டோம். டம்ளரை அவர் கைக்கு அருகில் நகர்த்தி வைப்பேன், கடைசிப் படியில் இருமுவேன். அந்த ரகசியத்தைக் காப்பாற்றியதுதான் நான் செய்த பாவத்துக்குக் கொஞ்சம் ஈடு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா போன மாசியில் போனார். காலையில் காபி குடித்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு சாய்ந்தார். நான் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வீட்டில் ஃபேன் ஓடவில்லை. தலைக்கு இரண்டு தலையணை உயர்த்தி வைத்திருந்தது. மூடிய கண்கள் மேல் ஈரப் பஞ்சு. ஓர் உறவுக்காரர், "மொகம் போயிடும், அதெல்லாம் எதுக்கு?" என்று ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாசலுக்குப் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஓடினேன். அந்த ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது, நம்பர்தான் இத்தனை வருடத்தில் வெளுத்துப் போயிருந்தது.

"போன் பண்ணியாச்சு" என்றாள் அம்மா. "எனக்கு மனப்பாடம்."

கண் வங்கியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். சின்னப் பெட்டி, கையுறை. அறையிலிருந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். அம்மா மட்டும் அப்பாவின் தலைமாட்டில் குனிந்து, பஞ்சை எடுத்தபடி, நிதானமாகச் சொன்னாள்.

"எடது கண்ணுல பூ வுழுந்திருக்கு தம்பி. கரும்புத் தோக அடிச்சது. வலதுதான் நல்ல கண்ணு, அத சாக்கிரதையா எடுங்க."

பையன்கள் வேலையை முடிக்கும்வரை நான் கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.

அவர்கள் போனபிறகு, அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். "உனக்கு எப்பம்மா தெரியும்?"

"எத?"

"அப்பா கண்ணு."

"பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் டம்ளர நவுத்தி நவுத்தி வெளாடினதயும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"வண்டில அனுப்பறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தெரிஞ்சுதான் அனுப்புனேன். அவரத் தடுக்க முடியல. தடுத்தா எனக்குத் தெரியும்னு ஆயிடும், மனுசன் ஒடஞ்சிடுவாரு. ஒன்ன ஏத்திவுட்டா மெதுவாப் போவாரு, நீயும் பாத்துக்குவன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்த வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. "எனக்குப் பன்னெண்டு வயசும்மா! நான் என்னத்தப் பாத்துக்குவேன்?" என்று கத்திவிட்டேன். கூடத்தில் அழுகை ஒரு நிமிடம் நின்றது. எனக்கும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். அவளை ரோடு தாண்டிக் கடைக்கு அனுப்ப மாட்டேன் நான்.

 கத்தியதில் எனக்குள் அடைத்திருந்ததும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

"நான் அன்னிக்குத் தூங்கலம்மா. முழிச்சுக்கினுதான் இருந்தேன். குவியல் தெரிஞ்சுது. வேணும்னேதான் சட்டையப் புடிக்கல. அப்பாவுக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டேன். இனி என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நின்றேன்.  அம்மா அப்படியே கீழே உட்கார்ந்தாள். என் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கி, அந்தத் தழும்பின் மேல் கையை வைத்தாள். இத்தனை வருடத்தில் அதை அவள் தொட்டதே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மைதானத்துல ஒன்னப் பாத்ததும் இதத்தான் கேட்டிருக்கணும். வேற என்னத்தையோ கேட்டுட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதாடி?"

"ரொம்பம்மா" என்றேன்.